ஓடாத மின்சாரம்: கொங்கு நாட்டு மின்வரலாற்றில் எண்ணெயின் இடம்

கோயம்புத்தூரின் நவீன வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் மூன்று பொருள்களைச் சுற்றியே எழுதியிருக்கிறார்கள். கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி, சிறுவாணியின் நீர், பைகாராவின் மின்சாரம். இம்மூன்றும் 1930-ஐ ஒட்டிய சில ஆண்டுகளுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டதால் ஒரு சந்தையூர் ஆலை நகரமாயிற்று என்பது கதையின் சுருக்கம். நகராட்சி மலர்களிலும், ஆலை அதிபர்களின் வாழ்க்கை வரலாறுகளிலும், பொன்விழாச் சிறப்பிதழ்களிலும் இதே கதை வெவ்வேறு அடைமொழிகளுடன் வருகிறது. பிழையென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் நான்காவதாக ஒரு பொருள் அந்தக் கதைக்குள் முதல் நாளிலிருந்தே இருந்து வந்திருக்கிறது. இரும்புத் தொட்டிகளுக்குள் மூடிவைக்கப்பட்டிருந்ததாலோ என்னவோ, அது எவர் கண்ணிலும் படவில்லை. மின்மாற்றிகளுக்குள் நிறைந்திருக்கும் எண்ணெயைத்தான் சொல்கிறேன்.

மின்சாரத்தின் வரலாறு ஓடிய மின்சாரத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுவிட்டது. எங்கே ஓடலாகாதோ அங்கே அதை ஓடவிடாமல் நிறுத்திவைத்த பொருள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் எண்ணெயின் அத்தியாயம் சுவையானது. ஏனெனில் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது என்பது நம் எல்லோருக்கும் பள்ளியில் சொல்லித்தரப்பட்ட உண்மை. ஆனால் அது முழு உண்மை அல்ல. மிகச் சிறிதளவு கடத்தும். அந்த மிகச் சிறிதளவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை தேடத் தலைசிறந்த அறிஞர்கள் அரை நூற்றாண்டு செலவிட்டார்கள். அதன் விடைக்கும் பெருமாநல்லூர்ப் பக்கத்துக் கிணற்றுமேட்டில் காத்திருக்கும் விவசாயிக்கும் தொடர்பு உண்டு.

முதலில் பைகாரா.

நீலகிரியில் பைகாரா ஆற்றின் நீரை மலைமேல் தடுத்து, கிளென்மார்கனிலிருந்து ஏறத்தாழ 3000 அடிக்குக் கீழே சிங்காராவில் உள்ள மின்நிலையத்துக்குக் குழாய்களில் இறக்கும் திட்டம் 1920களின் இறுதியில் வேலையாகத் தொடங்கி, 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. சென்னை அரசின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த சர் சி. பி. ராமசாமி ஐயர் இத்திட்டத்துக்காக வாதாடியவர். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீரைக் கொண்டு மின்சாரம் எடுப்பது அன்றைக்கு உலக அளவிலேயே அரிய காரியம். சிங்காராவிலிருந்து 66,000 வோல்ட் அழுத்தத்தில் கம்பிகள் கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு இறங்கின. அதற்கு முன்பு இவ்வூரில் மின்விளக்கே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சாமிக்கண்ணு வின்சென்ட் தம் வெரைட்டி ஹால் கொட்டகைக்காகச் சொந்த ஜெனரேட்டர் வைத்திருந்தார். ஆலைகள் நிலக்கரி எரித்து நீராவியில் ஓடின. ஸ்டேன்ஸ் துரையின் ஆலை 1888-இலிருந்தே அப்படி ஓடியதுதான். ஆனால் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து இத்தனை தூரத்தில் உள்ள ஊரில் அந்த முறையில் எத்தனை ஆலைகளைத்தான் நடத்த முடியும்? மலையிலிருந்து மின்சாரம் வந்த பிறகு பத்தாண்டுகளுக்குள் ஆலைகள் பெருகின. 1937-இல் பீளமேட்டில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரைச் செய்து முடித்தார்கள் என்பது இவ்வூரார் எல்லோரும் பெருமையோடு சொல்லும் செய்தி.

66,000 வோல்ட்டில் வரும் மின்சாரத்தை அப்படியே ஆலைக்குள் விட முடியாது. படிப்படியாக இறக்க வேண்டும். அதற்கான கருவி மின்மாற்றி. இரும்பு அகத்தின்மேல் செப்புக் கம்பிச் சுருள்கள். சுருள்களைச் சுற்றித் தாளும் பருத்தி நாடாவும். அனைத்தும் எண்ணெயில் மூழ்கிய நிலையில். (பருத்தியால் வாழ்ந்த ஊரின் மின்மாற்றிகளுக்குள்ளும் பருத்தி இருந்தது என்பதை யாரும் ஏன் இதுவரை ஒரு நயமாகக்கூட எழுதவில்லை என்று தெரியவில்லை.) எண்ணெய்க்கு அங்கே இரண்டு வேலை. சுருள்களில் பிறக்கும் வெப்பத்தைத் தொட்டியின் சுவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்று. அதிக அழுத்தமுள்ள சுருளிலிருந்து குறைந்த அழுத்தமுள்ள சுருளுக்கோ தொட்டிக்கோ மின்சாரம் தாவாமல் தடுப்பது மற்றொன்று.

இந்த எண்ணெய் மண்ணிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயை வடித்துச் சுத்திகரித்துப் பெறுவது. ஒற்றைப் பொருளென்று சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. நேர்ச்சங்கிலிகள், வளையங்கள், பென்சீன் குடும்பத்தைச் சேர்ந்த வளையங்கள் எல்லாம் அதில் உண்டு. இவற்றுக்குப் பொதுவான குணம், மூலக்கூறின் ஒரு முனை நேர் மின்னாகவும் மறுமுனை எதிர் மின்னாகவும் பிரிந்து நிற்காமை. ஆகவே இவை முனைவற்ற திரவங்கள். நீர் இதற்கு நேர் எதிரி. நீர் மூலக்கூறு முனைவு மிக்கது. அதனால்தான் உப்பை விழுங்கிவிடுகிறது.

எவ்வளவு கடத்தாமை வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு. ஐஎஸ் 335 என்பது அதன் எண். அதன் 1993ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, புதிய எண்ணெயின் மின்தடை எண் 27 டிகிரி வெப்பத்தில் குறைந்தது 1500 லட்சம் கோடி ஓம்-சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மாசே இல்லாத நீரின் மின்தடை எண் ஏறத்தாழ 1.8 கோடி. அதாவது, உலகின் மிகத் தூய நீரைவிட எண்ணெய் எட்டுக் கோடி மடங்கு அதிகம் தடுக்க வேண்டும். அதே தர நிர்ணயம் 90 டிகிரியில் 35 லட்சம் கோடி போதும் என்று இறங்கி வருகிறது. நாற்பது மடங்குக்கு மேல் சரிவு! சூடேறினால் எண்ணெய் தன் குணத்தை இப்படி ஏன் இழக்க வேண்டும்? எண்ணெய்க்குள் மின்சாரத்தைச் சுமந்து செல்ல யாரோ சிலர் இருக்கிறார்கள் என்பதைத்தான் இந்தச் சரிவு காட்டுகிறது. வெப்பம் ஏற ஏற எண்ணெய் நீர்த்து அவர்களுக்கு வழி விடுகிறது. அவர்களின் எண்ணிக்கையும் கூடுகிறது.

அவர்களுக்குப் பெயர் அயனிகள். தமிழ் படித்தவன் என்ற உரிமையில் இந்தச் சொல்லருகே சற்று நிற்க விரும்புகிறேன். 1834-இல் மைக்கேல் ஃபாரடே தம் மின்பகுப்புச் சோதனைகளுக்குப் புதிய சொற்கள் வேண்டுமென்று கேம்பிரிட்ஜின் வில்லியம் ஹ்யூவெல்லுக்குக் கடிதம் எழுதினார். கிரேக்கத்தில் 'செல்வது' என்று பொருள்படும் 'அயான்' என்ற சொல்லை ஹ்யூவெல் எடுத்துக் கொடுத்தார். நாம் அதை ஒலிபெயர்த்து அயனி என்கிறோம். இலங்கைப் பாடநூல்கள் அயன் என்கின்றன. தட்சிணாயனம், உத்தராயணம் என்று நாம் வழங்கும் சொற்களில் உள்ள 'அயன'மும் செல்கை என்ற பொருளுடையதே. கிரேக்கச் சொல்லும் அதுவும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. ஆகவே ஒலிபெயர்ப்பு என்று நாம் நினைத்தது பொருள்பெயர்ப்பாகவும் அமைந்துவிட்டது. கலைச்சொல்லாக்க வரலாற்றில் இத்தகைய நல்விபத்துகள் அதிகமில்லை.

ஃபாரடே மின்சாரமே பொருளைப் பிளந்து அயனிகளை உண்டாக்குகிறது என்று எண்ணினார். உப்பு நீரில் கரைந்த உடனேயே அயனிகளாகப் பிரிந்துதான் இருக்கிறது, மின்சாரம் வந்து பிரிக்க வேண்டியதில்லை என்று சொன்னவர் ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ். 1884-இல் உப்சாலாவில் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு ஆசிரியர்கள் மிகக் குறைந்த மதிப்பெண் அளித்துத் தேற்றினார்கள். அந்த வழியில் மேலே சென்ற ஆராய்ச்சிக்காகவே 1903-இல் நோபல் பரிசு வந்தது. ஆய்வேடுகளைத் திருத்தும் என்போன்றோர் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தக் கதையை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் அர்ரீனியஸின் கொள்கை நீரில் பலித்த அளவுக்கு எண்ணெயில் பலிக்கவில்லை. ஏன் என்பதற்கு 1893-இல் ஜெர்மனியில் வால்டர் நெர்ன்ஸ்டும் இங்கிலாந்தில் ஜே. ஜே. தாம்சனும் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள். நேர்மின்னும் எதிர்மின்னும் ஒன்றையொன்று இழுக்கும் விசையை இடையில் உள்ள திரவம் எவ்வளவு தணிக்கிறது என்பதே கேள்வி. அந்தத் தணிப்பின் அளவை மின்காப்பு மாறிலி என்கிறோம். நீருக்கு அது 78. மின்மாற்றி எண்ணெய்க்கு 2.2. நீருக்குள் பிரிந்த இரண்டு அயனிகள், நடுவே பெருங்கூட்டம் நிற்கும் திருவிழாவில் கைநழுவிய இருவரைப் போல. ஒருவர் இழுப்பு மற்றவரை எட்டாது. எண்ணெயில் அப்படியில்லை, வெட்டவெளி. எவ்வளவு தூரம் விலகினாலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். டென்மார்க்கின் நீல்ஸ் பியெரும் 1926-இல் இதை ஒரு தூரமாகக் கணக்கிட வழி கண்டார். இரண்டு அயனிகளின் இழுப்பும் வெப்பத்தின் உலுக்கலும் சமமாகும் தூரம், அறை வெப்பத்தில், நீரில் ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எண்ணெயில் அதுபோல் முப்பத்தைந்து மடங்கு. அந்த எல்லைக்குள் இருக்கும்வரை அயனிகள் இணைந்தே கிடக்கும். இணைந்து கிடப்பவை மின்சாரத்தைச் சுமப்பதில்லை. நேரும் எதிரும் சேர்ந்தால் சுமை சுழி அல்லவா?

இனி, இக்கட்டுரையின் மையமான ஆண்டுக்கு வருகிறேன். பைகாரா மின்சாரம் கோயம்புத்தூர் ஆலைகளைத் தொட்டிருந்த 1933-இல், அமெரிக்காவின் ப்ரொவிடன்ஸ் நகரில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் கிராஸும், முந்தைய ஆண்டுதான் முனைவர் பட்டம் பெற்றிருந்த ரேமண்ட் ஃபுவாசும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மிக எளிய யோசனை. டையாக்சேன் என்ற திரவத்தின் மின்காப்பு மாறிலி எண்ணெய்க்குச் சமம், 2.2. ஆனால் எண்ணெயைப் போலன்றி அது நீருடன் எந்த விகிதத்திலும் கலக்கும். எண்ணெயும் தண்ணீரும் போல என்று நாம் சொல்லும் பழமொழிக்கு அடங்காத விதிவிலக்கு. ஆகவே தூய டையாக்சேனில் தொடங்கி, சிறிது சிறிதாக நீர் சேர்த்து, மாறிலியை 2.2-இலிருந்து 78 வரை விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். ஒரே உப்பை அந்தக் கலவைகள் அனைத்திலும் கரைத்து மின்கடத்துத்திறனை அளந்துகொண்டே போனார்கள். உப்பு அப்படியே இருக்க, திரவத்தின் தணிக்கும் குணம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. உப்பு அயனிகளாகப் பிரியும் போக்கு அந்தப் பயணத்தில் கோடி கோடி மடங்குக்கு மேல் மாறியது. நீர் மிகுந்த கலவையில் உப்பு ஏறக்குறைய முழுவதும் பிரிந்தது. தூய டையாக்சேனில் பிரிந்த அயனியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இத்துடன் நின்றிருந்தால் அது நெர்ன்ஸ்ட், தாம்சன் இருவரின் கூற்றுக்குச் சான்று என்று மட்டும் ஆகியிருக்கும். ஆனால் அளவீடுகளில் ஒரு விநோதம் இருந்தது. முனைவு குறைந்த கலவைகளில் உப்பைக் கூட்டக் கூட்ட, ஓர் உப்பு மூலக்கூறின் பங்குக்கான கடத்துத்திறன் முதலில் குறைகிறது. ஒரு தாழ்ந்த புள்ளியைத் தொட்டபின் மீண்டும் ஏறுகிறது. கூட்டம் கூடினால் இணைகள் பெருகிக் கடத்தல் குறைய வேண்டுமே, ஏறுவானேன்? மூன்று பேர் சேர்ந்துவிடுகிறார்கள் என்பது ஃபுவாசும் கிராஸும் சொன்ன விடை. இணையாகக் கிடக்கும் நேர், எதிர் இரண்டுக்கும் அருகே மூன்றாவதாக ஓர் அயனி வந்து ஒட்டிக்கொண்டால், அந்த மும்மைக்கு மீண்டும் மின்சுமை வந்துவிடுகிறது. மீண்டும் நடக்கத் தொடங்குகிறது. எண்ணெய்போன்ற திரவங்களுக்குள் மின்சாரம் செல்வதன் புதிரில் ஒரு பெரும்பகுதி அங்கே அவிழ்ந்தது.

அதே வேதியியல் துறையில் அப்போது லார்ஸ் ஒன்சாகர் என்ற நார்வேக்காரர் ஆசிரியராக இருந்தார். மேதை, ஆனால் அவர் வகுப்பு மாணவர்களுக்குப் புரியாது என்பது ஊரறிந்த செய்தி. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் பல்கலைக்கழகத்தால் அவரை வைத்துக்கொள்ள இயலவில்லை. 1933-இல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மறு ஆண்டு, மேட்டூர் அணை கட்டி முடிந்த 1934-இல், ஒரு கட்டுரை எழுதினார். வலிமையான மின்புலத்தில் இணைந்து கிடக்கும் அயனிகள் கூடுதலாகப் பிரியும், எவ்வளவு கூடுதலாக என்பதற்கு இதுதான் வாய்ப்பாடு என்பது அதன் சாரம். அயனிகள் அபூர்வமாக இருக்கும் திரவங்களில் இந்த விளைவு மிகுதி. ஓம் விதி என்று நாம் படித்த நேர்கோடு எண்ணெயில் வளைந்துவிடும். அழுத்தத்தை இருமடங்காக்கினால் கசியும் மின்சாரம் இருமடங்குக்கு மேல் ஆகும். உயர் அழுத்தக் கம்பிகளைக் கொண்டு நாட்டைப் பின்னத் தொடங்கியிருந்த காலத்தில் இந்த வாய்ப்பாடு வந்தது. ஒன்சாகருக்கு 1968-இல் நோபல் கிடைத்தது, அது வேறொரு கண்டுபிடிப்புக்காக. ஃபுவாஸ் 1936-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய், கடத்தாப் பொருள்களைப் பற்றியே பல ஆண்டுகள் ஆராய்ந்தார். உப்புக் கரைசல் ஆராய்ச்சி மின்சாரக் கம்பெனியின் ஆராய்ச்சியாக மாறியது தற்செயல் அல்ல.

கொங்கு நாட்டுக்குத் திரும்புவோம். ஆலைகளுக்கு வந்த மின்சாரம் அங்கேயே நின்றுவிடவில்லை. ஆழக் கிணறுகளின் நாடு இது. இரண்டு காளைகளைப் பூட்டி, தோல் பறியில் நீரை இழுத்து ஊற்றும் கவலை ஏற்றம் தலைமுறை தலைமுறையாக இங்கே பயிருக்கு உயிர் கொடுத்தது. கவலை என்ற சொல்லுக்கு இரு பொருள் இருப்பதை அந்த வேலையைச் செய்தவர்கள்தான் நன்கறிவார்கள். சுதந்திரத்தின் முன்னும் பின்னுமாக மின்மோட்டார் கிணற்றுக்குள் இறங்கியது. மோட்டார்கள் இருந்த இடமெல்லாம் மின்மாற்றி வந்தது. 11,000 அல்லது 22,000 வோல்ட்டைத் தோட்டத்துக்குரிய 415 வோல்ட்டாக இறக்கும் சிறிய தொட்டிகள், இரட்டைக் கம்பத்தின்மேல், வெயிலில். பீளமேட்டிலும் கணபதியிலும் பட்டறைகள் மோட்டாரும் பம்பும் செய்து குவித்ததற்கு இந்தத் தோட்டங்களே முதல் சந்தை.

மின்சாரம் கிணற்றுக்கு எவ்வளவு நெருக்கமாகிவிட்டது என்பதற்கு 1970 சாட்சி. யூனிட்டுக்கு ஓரிரு பைசா கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் கோவை மாவட்ட விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் காவல்துறை சுட்டதில் மூவர் இறந்தார்கள். 1972-இல் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரையே முடக்கினார்கள். நீர் இறைக்கும் வேலையிலிருந்து விடுபட்ட காளைகள் மின்கட்டணத்துக்காக ஊர்வலம் வந்தன என்று அதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும். சிறு விவசாயிகளுக்கு 1984-இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990-91-இலும் மின்சாரம் இலவசமாயிற்று. இந்த அரசியல் வரலாறு ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அதே கிணற்றுமேட்டின் எண்ணெய் வரலாறுதான் எழுதப்படவில்லை.

மாசி, பங்குனியில் நீர் கீழே போகிறது. மோட்டாரின் குதிரைத்திறனைக் கூட்டுகிறார்கள், அல்லது பக்கத்திலேயே இன்னொரு ஆழ்குழாய் இறக்குகிறார்கள். மும்முனை மின்சாரம் வரும் சில மணி நேரத்தில் எல்லா மோட்டாரும் ஒரே வேளையில் ஓடுகின்றன. மின்மாற்றி தன் அளவுக்கு மீறிச் சுமக்கிறது. எண்ணெய் சூடேறி விரிகிறது. மின்சாரம் நின்றதும் குளிர்ந்து சுருங்குகிறது. விரியும்போது தொட்டியிலிருந்து காற்று வெளியேறும், சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே வரும். அதாவது மின்மாற்றி மூச்சு விடுகிறது. அதன் மூக்கில் பிரீதர் என்று ஊழியர்கள் அழைக்கும் சிறு குடுவை ஒன்று உண்டு. அதனுள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் குருணைகள். காய்ந்திருக்கையில் நீல நிறம், ஈரம் குடித்தபின் இளஞ்சிவப்பு. சாலையில் போகும்போது அண்ணாந்து பார்த்தால், எத்தனை குடுவைகள் நீலமாக இருக்கின்றன, எத்தனை குடுவைகளுக்குள் குருணையே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

குருணை தன் வேலையை நிறுத்தியபின் உள்ளே நடப்பதெல்லாம் பிரவுன் பல்கலைக்கழகத்துப் பாடம்தான். காற்றின் ஆக்சிஜன் சூடான எண்ணெயோடு சேர்ந்து அமிலங்களை உண்டாக்குகிறது. செப்பு இதை விரைவுபடுத்துகிறது. சுருளைச் சுற்றிய தாள் சிதையும்போது அதுவும் நீரைக் கக்குகிறது. அமிலம் தனியே எண்ணெயில் கரைந்து கிடந்தால் பெரும்பாலும் இணைந்தே கிடக்கும், தீங்கு குறைவு. நீர் தனியே வந்தாலும் மிகச் சிறிதளவே எண்ணெயில் கரையும். இரண்டும் கூடினால்தான் ஆபத்து. முனைவுள்ள சில மூலக்கூறுகள் அயனியைச் சுற்றி வளைத்துக்கொண்டு அதற்கு ஒரு சிறு நீர்க்குடிசை கட்டித்தருகின்றன. சோப்பு போன்ற பொருள்கள் இருந்தால் குடிசை இன்னும் வலுவாகிறது. நீரில் அழுக்கை உள்ளே வைத்துக் கட்டும் சோப்பு, எண்ணெயில் தலைகீழாக நின்று ஈரத்தை உள்ளே வைத்துக் கட்டுகிறது. அதனுள் இருக்கும் அயனி தன் இணையின் பார்வையிலிருந்து விலகி நிற்க முடிகிறது. வெட்டவெளியில் ஒரு மறைப்பு கிடைத்துவிட்டது. கசிவு கூடுகிறது, கசிவால் சூடு, சூட்டால் இன்னும் அமிலம். நாரும் நீரும் சேர்ந்த துகள்கள் மின்புலத்தில் வரிசைகட்டிப் பாலம் போடுகின்றன. ஒரு நாள் பகலில் வெடிச்சத்தம் கேட்கும்.

இதைத் தடுக்கும் சோதனை எளியதுதான். 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு உலோக முனைகளை வைத்து, இடையே எண்ணெயை ஊற்றி அழுத்தத்தை ஏற்ற வேண்டும். வடிகட்டிய புதிய எண்ணெய் 60,000 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது மேற்சொன்ன அதே பதிப்பின் கணக்கு. தாங்காத எண்ணெயைச் சூடாக்கி, வெற்றிடத்தில் ஈரத்தை இழுத்து, வடிகட்டித் திருப்பி ஊற்றலாம். பெரிய துணைமின் நிலையங்களில் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள். கம்பத்தின்மேல் நிற்கும் சிறிய தொட்டிகள் பல்லாயிரம். அங்கே முறை ஒன்று, நடைமுறை ஒன்று. போதாதென்று எண்ணெயையும் செம்பையும் திருடுவோர் வேறு. எரிந்த மின்மாற்றி மாறி வர ஒரு வாரம் ஆனால், பங்குனி வெயிலில் வாழைக்கும் மஞ்சளுக்கும் அந்த வாரம் என்ன பொருள் என்பதை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கசிவு கூடுவது ஒரு வகை ஆபத்து என்றால், கசிவே இல்லாமை இன்னொரு வகை ஆபத்து. கொச்சியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே இருகூருக்கும் அங்கிருந்து கரூருக்கும் பெட்ரோலியக் குழாய் வருகிறது, 2002-இலிருந்து இயங்குகிறது. மிகத் தூய பெட்ரோலும் டீசலும் குழாயின் சுவரை உரசி ஓடும்போது, அவற்றுள் இருக்கும் அந்தச் சொற்ப அயனிகளில் ஒரு குறி கொண்டவை சுவரில் தங்கிவிட, மறு குறி கொண்டவை திரவத்தோடு போய்த் தொட்டியில் சேர்கின்றன. திரவம் சிறிது கடத்தினால் அந்தச் சுமை சட்டென்று வடிந்துவிடும். ஒரு மீட்டருக்கு ஒரு பிக்கோசீமென்ஸ் என்ற அளவில் மட்டும் கடத்தும் எரிபொருளில் அது வடியப் பதினெட்டு விநாடி ஆகும். ஐம்பது பிக்கோசீமென்ஸ் ஆனால் அரை விநாடிகூட வேண்டாம். அந்தப் பதினெட்டு விநாடிக்குள் ஒரு பொறி போதும். அதனால்தான் லாரியில் எரிபொருள் நிரப்பும்போது முதலில் மண்ணோடு கம்பி இணைக்கிறார்கள், மெதுவாக நிரப்புகிறார்கள். விமான எரிபொருளில் வேண்டுமென்றே சில துளி அயனி தரும் பொருளைச் சேர்க்கிறார்கள். ஷெல் நிறுவனத்தின் கிளிங்கன்பர்க், வான் டெர் மின்னே இருவரும் 1958-இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள். 1970களில் ஜப்பானில் பெரிய மின்மாற்றிகள் சில பழுதானதற்கும் இதுவே காரணம்: எண்ணெய் மிகத் தூய்மையாக இருந்தது, அதை மிக வேகமாக ஓட்டினார்கள்.

ஒப்புநோக்க ஒரு வார்த்தை. இதே மின்கடத்துத்திறன் அளவியைக் கொங்கு நாட்டில் அதிகம் பயன்படுத்தியது எண்ணெய்க்கு அல்ல, நொய்யலுக்கு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்பு 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசன நீர் அயனிகளின் கரைசலாயிற்று. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. சிறுவாணியின் சுவை பற்றி நாம் எழுதும் கவித்துவமான வரிகளுக்கெல்லாம் அறிவியல் விளக்கம், அந்நீரில் அயனிகள் மிகக் குறைவு என்பதே. ஆறு வேறு பொருள். அதை இங்கே விரிக்கவில்லை.

தமிழில் இவற்றை எழுதச் சொற்கள் இல்லை என்று சொல்ல முடியாது என்பதைத்தான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அவினாசிலிங்கம் 1946-இல் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகமும், மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டு வலசில் பிறந்த பெரியசாமித் தூரனும் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தார்கள். ஜி. ஆர். தாமோதரன் கோவையிலிருந்தே 'கலைக்கதிர்' என்ற அறிவியல் இதழை நடத்தினார். இருவகை முயற்சிக்கும் கொங்கு நாட்டாரே முன்நின்றார்கள். தூரனைக் கீர்த்தனை பாடியவராகவும் கவிஞராகவும் நினைவில் வைத்திருக்கும் நம் இலக்கிய உலகம், அவர் மின்சாரத்துக்கும் வேதியியலுக்கும் பக்கங்கள் ஒதுக்கிப் பிழை திருத்திய ஆண்டுகளை அதிகம் பேசுவதில்லை. முனைவு, அயனி, மின்பகுப்பு என்ற சொற்கள் அந்தத் தலைமுறை நமக்குப் புழக்கத்தில் விட்டுப்போனவை. அவற்றைப் பாடநூலுக்குள் அடைத்துவிட்டு, கதையிலும் கட்டுரையிலும் மின்சாரம் வரும்போது 'கரண்ட் போச்சு' என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

இலக்கிய வாசகர்களுக்கு இந்தத் துறை அவ்வளவு தூரமும் அல்ல. 2007-இல் வந்த கிண்டில் போன்ற வாசிப்புக் கருவிகளின் திரையில் நுண்ணிய குமிழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முனைவற்ற ஓர் எண்ணெய், அதனுள் கறுப்பும் வெள்ளையுமான துகள்கள். துகள்களுக்கு மின்சுமை தந்து அதைக் கலையாமல் காப்பது, மின்மாற்றிக்குள் நமக்குத் தொல்லை கொடுத்த அதே தலைகீழ்ச் சோப்புக் குடிசை. மின்புலம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்த நிறம் மேலே வருகிறது; எழுத்து தெரிகிறது. மின்சாரத்தை நிறுத்தியபின்னும் துகள்கள் இருந்த இடத்தில் இருப்பதால் பக்கம் அழிவதில்லை.

மின்மாற்றிகளிலும் எண்ணெய் மாறத் தொடங்கியிருக்கிறது. கனிம எண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயிலிருந்து செய்யும் எஸ்டர் திரவங்கள் வந்துள்ளன. அவற்றுக்கான பன்னாட்டுத் தர நிர்ணயம் 2013-இல் வெளியாயிற்று. அவற்றின் மின்காப்பு மாறிலி 3-ஐ ஒட்டியது, அதாவது சற்றே முனைவுள்ளவை. கனிம எண்ணெயைவிடப் பல மடங்கு நீரைத் தம்முள் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆகவே தாளிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு அதன் ஆயுளைக் கூட்டுகின்றன. எளிதில் தீப்பற்றுவதில்லை, சிந்தினால் மண்ணில் மக்கிவிடும். ஆனால் காற்றுப் பட்டால் கெட்டியாகும் என்பதால், திறந்த மூக்கோடு மூச்சு விடும் நம் ஊர்த் தொட்டிகளில் ஊற்ற முடியாது. முழுக்க மூடிய தொட்டி வேண்டும். இப்போது பெரும்பாலும் சோயாவிலிருந்து செய்கிறார்கள்.